ஏழாம் தொட்டி

அறுபது லீற்றர் தொட்டி, பன்னிரண்டு.
"கலியாண வீடா, புரியாணி போடவா?" என்று கேட்டான்
சம்மாந்துறைக் கடைக்காரன்.
ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மூடியின் நடுவைச் சூட்டுக் கத்தியால் அறுத்து
கால் அங்குலக் கம்பிவலை வைத்து
கேபிள் டையால் இறுக்கினேன்.
உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும்.
விளிம்பு கிடைத்தால்தான் எலிக்குப் பல் பதியும்.
விளிம்பில்லாத இடத்தில்
அதுவும் எங்களைப் போலத்தான்,
சுற்றிச் சுற்றி வந்துவிட்டு உறங்கும்.

மில்லில் உமி சும்மா கிடைக்கிறது.
முதல் மாதம் அதைத்தான் பரப்பினேன்.
தும்மின. கண்ணோரம் சிவப்பாய் ஒரு கசிவு.
இரத்தமில்லை, தூசு ஒத்துக்கொள்ளாத எலி
அப்படித்தான் அழும் என்றார்
ஆய்வுகூடத்து நிரோஷன் சேர்.
பிறகு தச்சுப் பட்டறைச் சீவல்.
மூன்று நாளைக்கொருமுறை மாற்றத் தவறினால்
அந்த மூத்திரக் காரத்துக்கு
நானும் அழுவேன்.

சகரியாவுக்கு மல்வத்தை வட்டையில்
நாலு ஏக்கர் குத்தகை.
பால் பிடிக்கும் பருவத்தில்
ஒரே இரவில் எலி அரிந்து போட்ட கதிரைப்
பிள்ளையைத் தூக்குவது போல அள்ளி வந்து
முற்றத்தில் கிடத்தினார். பேச்சில்லை.
அதற்கு முந்தின வருஷம்
அவருடைய தம்பியைக் கொண்டுபோனது எலிக்காய்ச்சல்.

இப்போது ஒரே ராக்கையில்
மேல்தட்டில் என் எலிக்குத் தீன்,
கீழ்த்தட்டில் அவர் எலிக்கு மருந்து.
இரண்டும் பால்மாப் பேணியில்.
லேபல் ஒட்டியது நான்தான்,
பெரிய எழுத்தில், இரண்டு தடவை.

ஏழாம் தொட்டியில்
தண்ணீர்ப் போத்தலுக்கு நான் போட்ட துளை
ஒரு காலையில் உள்ளங்கை அகலம்.
வெளியிலிருந்து உள்ளே கடித்திருந்தது.
ஒன்றும் ஓடவில்லை.
மூன்று பெட்டையும் சீவலுக்குள் முகம் புதைத்து
எதுவுமே நடக்காத மாதிரி.
தகரத்துண்டு வைத்து அடைத்தேன்.
கொப்பியில் எழுதவில்லை.

இருபத்திரண்டாம் நாள் ஒருத்தி ஈன்றாள்.
உரித்த இறால் போல, பதினொன்று.
வயிற்றுத் தோலுக்கூடாக
குடித்த பால் வெள்ளையாய்த் தெரிந்தது.
என் வாசம் பட்டுத் தாய் வெறுத்துவிடாதபடி
கையில் பழைய சீவலைத் தேய்த்துக்கொண்டு எண்ணினேன்.

ஏழாம் நாள் நிறம் வந்தது.
வெள்ளையில்லை.
பதினொன்றும் கானுத் தண்ணி நிறம்.

அன்றைக்குத்தான்
மில்லுக்குப் பின்னால் மருந்து தின்று கிடந்ததை
மண்வெட்டியில் ஏந்திக்கொண்டு வந்தார்.
"பார் புள்ள, எவ்வளவு பெரிய கடுவன்!"
காதில் பழைய கிழிசல் ஒன்று,
நான் அடையாளத்துக்கு வெட்டுவது போல.
பார்த்தேன்.
தேவையைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

ஆய்வுகூடத்துக்கு வெள்ளை மட்டும்தான் எடுபடும்.
ஒரே நிறம், ஒரே நிறை, ஒரே கிழமைப் பிறப்பு.
அப்போதுதான்
மருந்து செய்ததா விதி செய்ததா என்று
பிரித்தறியலாமாம்.

இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு
கொப்பியை விரித்தேன்.
தொட்டி: ஏழு.
தாய்: இடது காதில் வெட்டு.
குட்டி: பதினொன்று.
தகப்பன் என்ற இடத்தில்
பேனை நின்றது.

தோளுக்குப் பின்னால் அவர்.
எவ்வளவு நேரமாக நின்றாரோ.
"எலிக்கும் பிறப்புப் பதிவா?" என்றார்.
பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்,
மண்வெட்டியை அப்போதுதான் கழுவிச் சாத்தியவர்.
ஒவ்வொன்றாய் எண்ணுவது
உதட்டில் தெரிந்தது.

"கண் எப்ப திறக்கும்?"
"பதினாலாம் நாள்."

கொஞ்ச நேரம்
கம்பிவலையில் விரலைக் கோத்தபடி நின்றார்.
"மூடியை
இறுக்கிப் போடு" என்றார்.