பத்து மில்லி மூடி

இருமல் மருந்து தீர்ந்த பிறகு
அதன் மூடியைக் கழுவி வைத்தேன்.
ஐந்து, ஏழரை, பத்து என்று கோடு போட்ட
சின்ன மூடி.
ஆறு மூடி ரம், மூன்று மூடி நாரங்காச் சாறு,
சர்க்கரைப் பாகு இரண்டு.
டைக்கிரி.
ஆசுபத்திரி லேபில் வேலை பார்க்கிறவள் நான்.
கோட்டுக்கு மேலே ஒரு துளி நின்றாலும்
உறக்கம் வராது.

கிளீட்டஸுக்கு மூடி வேண்டாம்.
பதினோரு வருடம் கப்பலில் பார் நின்ற கை
போத்தலைச் சாய்த்து மனசுக்குள் நாலு எண்ணும்,
நிமிர்த்தும்.
ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் அளந்து பார்த்தேன்.
சரியாக இருந்தது.
கொஞ்சம் கோபம் வந்தது.

மூக்குதான் இல்லை அவனுக்கு.
காய்ச்சல் வந்த வருடம் போனது,
திரும்பவில்லை.
கப்பல்காரன் ஆறு மாதம் பொறுத்தான்.
புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும்.
கசப்பு மட்டும் ஒருநாளும் விட்டுப்போகவில்லை,
அது யாரைத்தான் விட்டது என்பான்.
மற்றதெல்லாம்
குளிர்ந்த வெள்ளம், சூடான வெள்ளம்.

அதனால் சனிக்கிழமை ராத்திரிகளில்
கை அவன், மூக்கு நான்.

ஆனி மாதம், தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கிடக்க
குளச்சல் முழுக்க மழை இரைச்சல்.
எங்கள் பிரிட்ஜில் உறைந்த முதல் தட்டு ஐஸில்
சாளை வாசம்.
கொட்டிவிட்டேன்.
"எதுக்கு கொட்டுக, பிள்ளே?"
"உனக்குத் தெரியாது."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.
அவன் சிரித்துக்கொண்டே
அடுத்த தட்டை எடுத்தான்.

மோர் கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டிலில்
அவன் குலுக்கக் குலுக்க
கீழ்வீட்டு ஜெனோவி அக்கா சன்னல் வழியே,
"என்னட்டி, பாதி ராத்திரி தயிரா கடையுக?"
"ஆமாக்கா, வெண்ணெய் திரளமாட்டேங்கு."

முதல் மிடறு என்னுடையது.
"சொல்லு பிள்ளே."
கப்பலில் அவன் கேட்ட சொற்கள் எனக்கு வராது.
நான் குலசேகரத்துக்காரி,
தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.
ஜின்னில் மார்த்தாண்டம் தேன் கலந்த அன்று சொன்னேன்:
பால்வெட்டு முடிந்த ரப்பர்த் தோட்டத்தில்
மழைக்கு முந்தி ஒரு காற்று வருமே,
அதற்குள் நின்று
யாரோ கிராம்பு நசுக்குகிறார்கள்.
தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மெல்லக் குடித்து,
"கொள்ளாம்" என்றான்,
நான்தான் அதைக் கலக்கியது போல.

மார்டினிக்கு ஒலிவ் காய் கிடைக்கவில்லை.
உப்பிலிட்ட நெல்லிக்காய் ஒன்று போட்டோம்,
பரணி வெள்ளம் அரை மூடி.
சகிக்கவில்லை.
அவன் முகத்தைப் பார்த்தேன்,
"கடல்காத்து, பிறகு லேசா பிச்சிப்பூ" என்றேன்.
"பொய்."
"எப்படித் தெரியும்?"
"நெசமா மணக்கும்போ நீ கண்ணை மூடுவ.
இப்ப மூடேல்ல."

எட்டு வருடமாக
எனக்கே தெரியாத என் கண்ணை
இவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.
மார்டினியைச் சிங்கில் ஊற்றினோம்.
நெல்லிக்காயை மட்டும் பாதி கடித்து
மீதியை என் வாயில் வைத்தான்.

கடைசியில் நெக்ரோனி.
துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த சிவப்புப் போத்தல்.
"இது நம்ம சரக்கு" என்று
அன்றைக்கு அவன்தான் முதலில் குடித்தான்.
கசப்பில் அவன் கன்னம் சுருங்கி, பிறகு விரிந்தது.
நான் தம்ளருக்குள் மூக்கை விட்டுக்
கண்ணை மூடினேன்.
ஆரஞ்சுத் தோல். ஈர மரம்.
அதற்கும் அடியில் என்னவோ.

"ஏ பிள்ளே, பாலு கரியுது!"
கீழே இருந்து ஜெனோவி அக்கா.

அடுப்பை அவன்தான் ஓடி அணைத்தான்.
அடி கறுத்த பாத்திரத்தைக் கந்தலில் பிடித்து
என் முன்னால் நீட்டி,
"இது எப்படி இருக்கு, சொல்லு."

மறுபடியும் மூடினேன்.
முறுகின கருப்பட்டி, இல்லை,
தீய்ந்த முடி, அதுவும் இல்லை.
அக்கா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
"இரு" என்றேன்,
"இன்னொருதரம் பார்த்துச் சொல்லுகேன்."