திப்பி

பேளூர் சேகோ மில்லிலிருந்து
ஒரு டிப்பர் திப்பி. இறக்குகூலி தனி.
நாலு மாட்டுச் சாணி, ஆட்டுப் புழுக்கை,
கல்யாண மண்டபத்தில் கேட்டு வாங்கிய
எச்சில் இலை. அதிலிருந்து
ஊறுகாய்ப் பாக்கெட் மட்டும்
நாற்பத்து மூன்று பொறுக்கினேன்.

கடப்பாரையைக் குவியலில் செருகி
நூறு எண்ணி உருவினால்
உள்ளங்கை பொறுக்காத சூடு.
வேகிறது என்று அர்த்தம்.
வேலிக்கு அந்தப் பக்கம் அர்த்தனாரிக்கு
நாறுகிறது என்று அர்த்தம்.
பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறார்,
வசந்தாமணி என்ற என் பெயரை
எழுத்துப் பிழையில்லாமல் எழுதி.

மேட்டில் கொட்டியது என் தப்புதான்.
டிப்பர் அதற்குமேல் போகவில்லை.

ஐப்பசி. சேர்வராயன் தலையில்
மேகம் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.
இரவு பதினொன்றுக்கு இறங்கியது மழை.
குவியலின் அடியில்
டிகாஷன் நிறத்தில் சாறு கசிந்து
சரிவைப் பார்த்தது,
சரிவின் முடிவில்
அவர் கிணற்றைப் பார்த்தது.

மண்வெட்டியோடு ஓடினேன்.
அணைத்த மண்ணெல்லாம் கையோடு கரைந்தது.
வேலியருகே ஒரு டார்ச்.
திட்டத்தான் வருகிறார் என்று
பதிலைத் தயார் செய்தேன்.
மூக்கைச் சுற்றித் துண்டு,
தோளில் களத்துத் தார்ப்பாய்.
"அந்த முனையை இழு" என்றார்.
இழுத்தேன். கல் வைத்தோம்.
வாய்க்கால் ஒன்றை என் மரவள்ளிக்குத் திருப்பினோம்.
வேறு பேச்சில்லை.

காலையில் வெயில்.
தார்ப்பாய் நடுவில் உப்பி,
ஓரங்களில் ஆவி,
உள்ளே யாரோ
இழுத்துப் போர்த்தித் தூங்குவதுபோல.

மனுவை அவர் இன்னும்
திரும்பப் பெறவில்லை.
தார்ப்பாயையும்.