மரப்பு ஊசி

முழு மயக்கமா, மரப்பு ஊசி போதுமா என்று
டாக்டர் ஷெரின் கேட்டபோது
சில்லறை தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.
இருபத்தொன்பது சி-யில் நடத்துநர் நான்.

பக்கத்து நாற்காலியில் காசிமேட்டு கஸ்பார்.
புயலில் மூன்று நாள் மிதந்தவனாம்.
"ஊசிய கண்ல காட்டாதீங்க,
என்னை முழுசா ஆஃப் பண்ணிடுங்க" என்றான்.
நூர்ஜஹான் அக்காவுக்கு எதுவுமே வேண்டாம்:
"வலிக்கட்டும்.
எங்க வலிக்குதுன்னாவது தெரியும்ல?"

எனக்கு வலி பயமில்லை.
மயக்கத்தில் வாய் உளறும் என்கிறார்கள்.
உள்ளே ஒரு சீட்டுக் கடன் கிடக்கிறது.
வெளியே பெஞ்சில் மேகலா.
கெல்லிஸில் வாடகை அதிகம், ஆனாலும்
இந்தக் கிளினிக் கதவு சரியாக மூடாது.

மரப்பு ஊசிதான் என்றேன்.
முதலில் உதடு போனது, பிறகு நாக்கின் ஓரம்.
யாரோ எழுந்துபோன இருக்கைபோல்
கன்னத்தில் சூடு மட்டும் மிச்சம்.
கிளை முறியும் சத்தம்,
என் தலைக்குள்ளேயே.
மரத்துப்போவதென்றால் மரமாவது.
மரத்துக்கு வலிக்காதென்று
யார் போய்க் கேட்டார்கள்?

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து
பெரம்பூர் என்று சொல்லிப் பார்த்தேன்.
ப வரவில்லை, ம வரவில்லை.
பதினாறு வருடம் கூவிய ஊர்
எச்சிலாய் வழிந்தது.
மேகலா சிரித்தாள்,
முந்தானையால் என் மோவாயைத் துடைத்தாள்.

அந்தச் சிரிப்பு இருக்கும்போதே
சொல்லிவிடலாமென்று
எழுபதாயிரம் என்றேன்.

"எழு… தாயிரமா?
ஒரு பல்லுக்கா?" என்றாள்.

மருந்து இறங்க
இன்னும் மூன்று மணி நேரம் ஆகுமாம்.