பச்சைப் பட்டாணி

பத்திலிருந்து ஏழரைக்கு இறங்கலாம் என்றார் டாக்டர் லுப்னா.
ஏழரை என்றதும் சிரித்துவிட்டேன்.
என்ன சிரிப்பு என்றார்.
சனி பகவானை
எந்த ஆங்கிலத்தில் விளக்குவது?
சந்தோஷம் டாக்டர் என்றேன்.

ஐந்து மில்லியில் ஒன்று, இன்னொன்றில் பாதி.
கட்டைவிரல் நகத்தால் உடைக்கிறேன்.
சரிபாதியாக ஒருநாளும் உடைந்ததில்லை.
பெரிய துண்டை
கன்டெய்னர் வரும் நாளுக்கென்று எடுத்து வைக்கிறேன்.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

இன்னொரு மாத்திரை,
நாலு மணிக்கொருதரம் போடுவது,
இந்த மாதம் வேறு கம்பெனியில் வந்திருக்கிறது.
"மருந்நு ஒண்ணுதன்னே சேட்டா,
குப்பாயம் மாறி, அத்ரேயுள்ளு" என்கிறான் ஷைஜு.
அறுபது மில்லி அறுபதுதான்.
வயிறு நம்ப மாட்டேன் என்கிறது,
உள்ளே ஒரு ஜெனரேட்டர் கிளம்பிக் கிளம்பி அணைகிறது.
கீழிமையில் ஒரு நரம்பு
யாருக்கோ தந்தி அடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று மணி தாண்டினால்
இடது இமை கடையைச் சாத்தத் தொடங்கும்,
முழுதாகவும் சாத்தாது,
ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு
டீ குடிக்கப் போனவன் மாதிரி.
இன்வாய்ஸில் நூறு பெட்டி மத்தி
இருநூறு பெட்டியாகும்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறேன்.
ஷார்ஜா இன்டஸ்ட்ரியலில்
இப்படி ஒரு கிடங்குக் கணக்கன் இருப்பது
மீன்களுக்குத் தெரியாது.

எட்டரைக்கு வடிவு வீடியோவில் வருவாள்.
எட்டு இருபத்தைந்துக்கு
ரூம் ஃபிரிட்ஜின் மேல்தட்டிலிருந்து
பச்சைப் பட்டாணி பாக்கெட்டை எடுக்கிறேன்.
கிடங்கில் ஓரம் கிழிந்து விலைபோகாத சரக்கு.
இமைமேல் வைத்து நூற்றிருபது எண்ண வேண்டும்.
குளிருக்கு இமை ஏறும்,
டாக்டரே ஐஸ் வைத்துச் செய்துகாட்டியது.
ஏறி, சில நிமிஷம் நிற்கும்.
அதற்குள்
கேஸ் சிலிண்டர், பாப்பாவின் ஃபீஸ்,
மாமாவுக்குக் கட்டிய பல்,
சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு.
குரல் மூக்குக்குள் போகுமுன்னே
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

ஒருநாள் கேட்டாள்,
"கண்ணு என்ன ஈரமா இருக்கு? அழுதீயளோ?"

இல்லை என்றேன்.
இல்லை என்று சொன்னால்
அழுததாகத்தான் ஆகிறது.

நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
மூச்சு முட்டினாலோ
தண்ணீர் தொண்டையில் நின்றாலோ
எழுதிக்கொண்டிராதே, ஓடி வா.
மற்றதெல்லாம் லேசு, லேசானதை எழுது.
எழுதுகிறேன்.
இமை: இரண்டு மார்க். கை: பூஜ்யம்.
பரோட்டா: மூன்றாம் வாயில் தாடை ஓய்ந்தது.
கண்: ஈரம். காரணம்: பட்டாணி.

ஷாபான் கடைசி நாள்
மீரான் என்னையும் அல் கானுக்கு இழுத்துப் போனான்,
பிறை பார்க்க.
கடலுக்கு மேலே புழுதி நிறத்தில் வானம்.
தெரியுதா என்றான்.
தெரியுது.
எங்கே?
ரெண்டு இடத்தில்.
பக்கத்தில் நின்ற பாகிஸ்தானி பெரியவருக்கு
மீரான் இதை இந்தியில் சொல்ல,
அவர் என் தோளைத் தட்டி
உனக்கு இரட்டிப்பு மாதம் என்றார்.
ஒரு கண்ணைப் பொத்தினேன்.
மேலே இருந்தது போய்விட்டது.
எது நிஜமென்று
இதுவரை நோட்டில் எழுதவில்லை.

முதல் நோன்பு திறந்த அன்று
எட்டு இருபத்தைந்துக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால்
மேல்தட்டு காலி.
"அதையா தேடுறீங்க? சமோசாவுக்குள்ள போட்டாச்சு"
என்கிறான் மீரான், வாய் நிறைய.
ஐஸ் ட்ரேயில் தண்ணீர் ஊற்ற
யாருக்கும் ஞாபகமில்லை.

போன் அடிக்கிறது.
எடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடுகிறேன்,
அடித்து ஓய்ந்து
மறுபடி அடிக்கிறது.

எடுத்தேன்.
பாதி ஷட்டருக்குக் கீழே
வடிவு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தாள்,
ஒருத்தி சற்று மேலே, ஒருத்தி சற்று கீழே.
இருவரும் ஒன்றும் பேசாமல்
கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.
பிறகு கேட்டார்கள்:

"இன்னிக்குப் பட்டாணி தீந்துட்டோ?"