உதாரணம் வகுப்பில் தரப்படும்

உவமை என்று திரையில் வர
சீ, டீ, ஐ, கே என்று அடிக்க வேண்டும்.
பாமினி அப்படித்தான்.
எழுத்துரு கழன்றால் தமிழ் முழுக்க
இங்கிலீசுக் குப்பையாய் உதிரும்.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.
இதற்கும் ஒரு கலைச்சொல் இருக்கும்,
ஜௌஸி சேரின் பட்டியலில் இல்லை.

அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து
நாலாவது கடை. லெமினேட்டிங், ஸ்கேனிங், விசா படம்.
விடிந்தால் இருநூறு டியூட் வேணும்:
புனைகதை, கவிதை, நாடகம், அடிப்படைச் சொற்கள்.
சேரின் கையெழுத்து
சாகாமம் பஸ் போல
கண்ட இடமெல்லாம் நின்று நின்று போகும்.

உவமை: அவள் முகம் நிலவு போன்றது.
உருவகம்: முகநிலவு.
குறியீடு: நிலவு காதலைக் குறிக்கும்.
படிமம்: மறுகாவும் நிலவு, இம்முறை குளத்தில்.
அடித்துக்கொண்டே போனேன்.
'உச்சக்கட்டமாவது, கதையின் முடிச்சு இறுகி'
என்ற இடத்தில்
கரண்ட் போனது.

யூபிஎஸ் மூன்று தரம் கீச்சிட்டுச் செத்தது.
சேவ் பண்ணவில்லை.
இம்தாத் இருட்டுக்குள் மெசினோடு பேசினான்:
"இண்டைக்குத்தானே உனக்கு ரோனர் போட்ட,
நன்றி கெட்டதே."
கேட்பார் இல்லாத பேச்சு தனிமொழி என்கிறார் சேர்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஆனபடியால் அது இல்லை.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
இரண்டாம் முறை நிலவை அடிக்க
விரல் ஒத்துக்கொள்ளவில்லை.
உயர்தரத்தில் தமிழுக்கு எஸ் எடுத்தவள் நான்.
பெயிலுக்கு மேலே ஒரு படி.
துணிவதற்கு அந்தப் படி போதும்.

உவமை: கரண்ட் வந்த தெரு போல அவள் முகம்.
அடுத்து,
'வெட்டு நாளில் பெய்த மழை கடன்காரனைப் போல'
என்று அடித்தேன், பார்த்தேன்,
கடைசியில் இருந்த 'ஐப் போல'வை மட்டும் அழித்தேன்.
வெட்டு நாளில் பெய்த மழை கடன்காரன்.
உருவகம்.
அழிக்கிற பொத்தானுக்குள் இவ்வளவு இருக்கிறதென்று
பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

நம்பத்தகாத கதைசொல்லி:
தமாமிலிருந்து நானா அனுப்பும் வொயிஸ்.
'நல்லா இருக்கன். இண்டைக்கு லீவு.'
பின்னால் கல் அறுக்கும் சத்தம்.

பின்னோக்கு உத்திக்கு
தாள் சிக்கிய மெசினை எழுதினேன்.
முன்னால் இழுத்தால் கிழியும்,
பின்மூடியைத் திறந்து
போன வழியாலேயே எடுக்க வேண்டும்,
எடுத்தாலும் ஒரு மூலை உள்ளே நிற்கும்.

அங்கதத்துக்கு எழுதியதை இம்தாத் வாசித்துவிட்டு
"கடையப் பூட்டிப் போடுவாங்க லாத்தா" என்றான்.
நிலவையே திரும்ப வைத்தேன்.

நாடக முரணில் கை வைக்கவில்லை.
'பார்ப்போர் அறிவர், பாத்திரம் அறியாது.
உதாரணம் வகுப்பில் தரப்படும்'
என்று சேரே விட்டிருந்தார்.

காலை ஏழு இருபது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசித்தார் சேர்.
ஒரேயோர் இடத்தில் நின்றார்.
'பெய்த'வில் ஷிப்ட் அழுந்தி
'பேய்த மழை' ஆகியிருந்தது.
ஒரு கொம்பைச் சிவப்பால் வெட்டினார்.
மழையையோ கடன்காரனையோ ஒன்றும் சொல்லவில்லை.

விசா படத்துக்கு நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து
"உதாரணமெல்லாம் புதுசா இருக்கே சேர்" என்றாள்.
"பின்ன? இருபது வருச அனுபவம்."
இம்தாத் தாள் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்தான்.
நான் மிச்சக்காசை இரண்டு தரம் எண்ணினேன்.
பார்ப்போர் அறிவர்.
வகுப்புக்கு முன்னமே உதாரணம் வந்துவிட்டது.

சேர் போனபின்
மேசையில் அடுத்த டியூட். பதினாறு பக்கம்.
தொனி, முரண், எடுத்துரைப்பு, இருள்நகை,
வரைவிலக்கணமெல்லாம் அதே நின்று போகும் பஸ்.
ஒவ்வொன்றுக்கும் கீழே 'உதாரணம்' என்றெழுதி
இரண்டு கோடு.
வெறும் கோடு.
அடிமட்டம் வைத்து, நேராக.

"சேர் மறந்திட்டாரா லாத்தா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
புதுப் பக்கமொன்றைத் திறந்து,
ஒரு எழுத்தும் அடிக்குமுன்
சேவ் பண்ணினேன்.