ஒன்று கூட

என்டர் விசை உடைந்த கீபோர்ட்டில்
இரவுக்கடமை நிஸ்தார்
மூன்று மாத முறைப்பாடுகளையும்
ஒரே வரியாக அடித்து வைத்துவிட்டு
மூதூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

உப்புவெளியின் குழாய் வெடிப்பு முடியுமுன்
மனையாவெளியின் கலங்கல் தண்ணீர்,
லிங்கநகரில் பில் இருமடங்கு,
கோட்டை வீதியில் மான் முட்டி மீட்டர் சாய்ந்தது,
நடுவே மூச்சுவிட இடமில்லை.
திங்கட்கிழமைக்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாக
கொழும்புக்கு வேண்டுமாம்.

ரெஜெக்ஸ் எழுதினேன்.
திகதியில் தொடங்கு, எது வந்தாலும் அள்ளு,
திகதியில் நில் என்றேன்.
பேராசைக் குறி அது.
முதல் திகதியில் திறந்த வாயைக்
கடைசித் திகதியில்தான் மூடியது.
திருகோணமலை முழுதுக்கும் ஒரே முறைப்பாடு.
அதுவும் பொய்யில்லை.

சரி, திகதியிலேயே வெட்டு:
நாலு இலக்கம் புள்ளி
இரண்டு இலக்கம் புள்ளி
இரண்டு இலக்கம்.
வெட்டியது. வெட்டிய இடத்தைத் தின்றும்விட்டது.
தண்ணீர் இல்லை தண்ணீர் இல்லை தண்ணீர் இல்லை
எந்த நாள் என்று ஒன்றிலும் இல்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது.
அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி, ஒரு சமன்குறி:
எட்டிப் பார், தொடாதே,
பார்த்ததற்கு முன்னால் வெட்டு.

மளமளவென்று விழுந்தன.
நானூற்றுப் பன்னிரண்டு.
நிஸ்தாரின் கொப்பியில் நானூற்றுப் பதினொன்று.

கூடிய ஒன்றுக்குப் பெயரில்லை, ஊரில்லை.
"2019.02.11 அன்றும் சொன்னேன்,
எழுதிக்கொள்கிறேன் என்றார் ஒருவர்."

அதற்கு மேலே
பாலையூற்று பெர்னடெற், மார்ச் நாலு,
"ஒரு சொட்டும் வரவில்லை, இதையே" என்பதோடு
அறுந்து நிற்கிறார்.

ஒட்டுவது சுலபம்.
திகதிக்குப் பின்னால் ஊர்ப்பெயர் வந்தால் மட்டும் வெட்டு
என்று இன்னொரு துண்டு சேர்த்தால் போதும்.
சேர்க்குமுன் பெப்ரவரியைத் தேடிப் பார்த்தேன்.
பத்தாம் திகதி ஏழு பேர்.
பன்னிரண்டாம் திகதி நாலு பேர்.
பதினொன்றில்
இந்த அறுந்த வால் மட்டும்.

அப்படியே சேமித்தேன்.

திங்கள் காலை பொறியியலாளர் கேட்டார்,
"இதில ஆளின்ர பேர் எங்க?"
"வெட்டினால் அப்பிடித்தான் விழுது, மிஸ்."
அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கேற்றடியில் இரண்டு மான்கள்
எங்கள் கந்தோர்க் குழாயின் கசிவை
நக்கிக்கொண்டு நின்றன.
அதை இன்னும் யாரும் முறையிடவில்லை.