தரம் ஒன்று

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
லேசானது, நடுத்தரம், கடுமையானது.
தமிழில் பெயர்த்தவள் நான்தான்.
லேசானதன் கீழே,
"அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இல்லை"
என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன்.
யாருடைய அன்றாடம் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மருதவீரன், ஐந்தாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவர்.
குளிசை தொடங்கிப் பத்தாம் நாள் தலைச்சுற்று.
"எழும்பினா ஆடுது மிஸ். உக்காந்தா நிக்குது."
உட்கார்ந்தால் நிற்பது லேசானது
என்கிறது கைநூல்.
வெங்காய மூட்டை ஐம்பது கிலோ,
உட்கார்ந்து தூக்க முடியாது.
மூன்றாம் தவணைக்கு அவர் வரவில்லை.
போனை வேறு யாரோ எடுத்து
அப்படி ஆளே இல்லை என்றார், சிங்களத்தில்.
காரணம் என்ற கோட்டில் நிரப்பினோம்:
தானாக விலகினார்.

நஸ்மியா, மாளிகாவத்தை மாடிவீடு.
விடிய மூன்றரைக்கு இடியப்பம் அவித்து
நாலு கடைக்குக் கொடுக்கிறவள்.
விரல்நுனி மரத்திருக்கு என்றாள்.
வலிக்குதா?
இல்லை.
அப்போ தரம் ஒன்று.
அடுத்த கிளினிக்குக்கு
வலது கையில் துணி சுற்றி வந்தாள்.
ஆவிச்சட்டி மூடியை வெறுங்கையால் பிடித்திருக்கிறாள்.
"சுட்டது தெரியல்ல மிஸ்,
மணம் வந்த பொறகுதான் பாத்தன்."
அது வேறு பக்கத்தில் பதிவானது:
சமையலறை விபத்து, மருந்துடன் தொடர்பில்லை.
இரண்டு பக்கங்களுக்கும் நடுவே
ஒரு ஸ்டேப்பிள் கம்பி.

பம்பலப்பிட்டியிலிருந்து காரில் வரும்
ஓய்வுபெற்ற வங்கி மனேஜருக்கும் அதே மரப்பு.
சட்டைப் பொத்தான் போடச் சுணங்குகிறதாம்.
மகள் போன் பண்ணினாள்,
நரம்பு டொக்டர் அன்றைக்கே பார்த்தார், அளவைக் குறைத்தார்கள்.
அவரில் பிழையில்லை. நல்ல மனுஷன்,
எங்களுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தவர்.

காலிமுகத்திடல் ஹோட்டலில் முடிவு வாசித்தார்கள்.
ஏசி குளிரில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு
கடைசி வரிசையில் இருந்தேன்.
பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை,
பங்குபற்றியோர் நன்கு தாங்கிக்கொண்டனர்.
அந்தத் "தாங்கிக்கொண்டனர்" என் சொல்.
கணக்கில் பிழை தேடிப் பார்த்தேன்,
இல்லை.
வந்தவர்களை எல்லாம் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள்.

இன்று புதிய மருந்து, புதிய படிவம், பழைய கட்டங்கள்.
முதலாவதாக வந்தவர் கிராண்ட்பாஸில் தையல்காரர்.
விரல் கொஞ்சம் மரப்பு, பெரிசா ஒன்றுமில்லை என்றார்.
பேனையை லேசானதன் மேல் வைத்தேன், எடுத்தேன்.
"இந்த விரலால் ஒரு நாளில் என்னென்ன செய்வீங்க?"
கமிட்டி அனுமதிக்காத கேள்வி.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
ஊசியில் நூல் கோர்ப்பதில் தொடங்கினார்.
ஓரத்தில் எழுதினேன், இடம் போதவில்லை,
தாளைத் திருப்பினேன்.